"கத்தா" என்ற ஒரு சொல்: மலையகப் பொலிஸ் நிலையம் ஒன்றில் நடந்த பலப்பிரயோகம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தின் ஒரு சிறுநகரில், தேயிலைத் தோட்ட மக்களுக்கு முறைப்பாடு எழுதிக் கொடுப்பதும் அலுவலகங்களுக்குத் துணையாகச் செல்வதுமாக இயங்கும் ஒரு சிறிய உதவி மையத்துக்கு வந்த விடயம் இது. நானும் இன்னொருவரும் தொடக்கம் முதல் இறுதிவரை இதைக் கையாண்டோம். ஆட்களையும் நிலையத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கியிருக்கிறேன்.

பின்னணி

பாதிக்கப்பட்டவர் 23 வயது இளைஞர். தாய் கொழுந்து பறிக்கிறார். தந்தை உயிருடன் இல்லை. தங்கை உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறார். தோட்டத்தில் தொழிலாளியாகப் பெயர் பதியாமல், லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்கு லீக்சும் கரட்டும் பயிரிடும் வேலையை அவர் இரண்டு வருடங்களாகச் செய்து வந்தார். தை, மாசி மாதங்களில் காலையில் பனி கருக்கும், பகலில் வெயில் காயும். அந்தக் காலத்தில் ஓடையிலிருந்து நீர் இறைக்கும் இரண்டு அங்குல மோட்டார் இல்லாமல் அங்கே பயிர் நிற்காது. அந்த மோட்டார்தான் ஒரு வெள்ளிக்கிழமை காணாமல் போனது.

உரிமையாளர் சனிக்கிழமை காலை பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்தார். அவரும் தமிழர்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இதை இரு இனத்தாருக்கு இடையிலான தகராறாக வாசிப்பது எளிது, ஆனால் பிழையானது. அவர் தமிழில் சொன்னது, "கடைசியா அத எடுத்தது அவன்தான்" என்பது. வழக்கமாகத் தண்ணீர் இறைக்க மோட்டாரைக் கொட்டிலிலிருந்து எடுத்துச் செல்பவர் அந்த இளைஞர் என்பதே அதன் பொருள். அரைகுறைத் தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தர் அதைச் சிங்களத்தில் எழுதியபோது, "மோட்டாரை எடுத்தவர் இன்னார்" என்று பதிவாகியது. முறைப்பாட்டாளருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது, கையொப்பமிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த நிலையத்தில் சரளமாகத் தமிழ் பேசக்கூடியவர்கள் நாங்கள் அறிந்தவரை இருவர் மட்டுமே. ஒருவர் விடுமுறையில் இருந்தார். மற்றவர் மலையகத்தின் வேறொரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஓர் இளம் கான்ஸ்டபிள். அவரை அன்று காலை ஒரு கோயில் தேர்த்திருவிழாவின் பாதுகாப்புக் கடமைக்கு அனுப்பியிருந்தார்கள். தமிழ் தெரிந்தவர் என்பதே அவரை அங்கே அனுப்பியதற்கான காரணம்.

இது ஒரு நிலையத்தின் தற்செயலான குறை அன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்ட மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். பொலிஸ் சேவையில் அந்த விகிதம் எங்கும் தெரிவதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பியது. எஞ்சியோரின் பிரச்சினை முடிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரஜை அல்லாதவர் அரச சேவைக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆக, "எங்க தாத்தா பொலிஸ்ல இருந்தாரு" என்று சொல்லக்கூடிய குடும்பம் லயங்களில் உருவாகவே வழியில்லாமல் போயிற்று.

சம்பவம்

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியளவில் தோட்டத் தலைவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது: "ஒரு சின்ன விசாரணை, பையன வந்துட்டுப் போகச் சொல்லுங்க." இளைஞர் தாய்மாமனுடன் சென்றார். மாமனை வெளியே வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டு, இளைஞரை மட்டும் உள் அறைக்கு அழைத்தார்கள்.

அங்கே ஒரு சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டது ஒரே கேள்வி: மோட்டாரை எடுத்தாயா? இளைஞருக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம். விலை கேட்கவும் பஸ்ஸில் இடம் கேட்கவும் போதுமானது. அவர் "கத்தா, சேர்" என்றார். எடுத்தேன் என்று பொருள். வியாழக்கிழமை காலை எடுத்துச் சென்று, தண்ணீர் இறைத்து, மாலையில் கொட்டிலில் வைத்ததையே அவர் சொல்ல வந்தார். அந்த நீண்ட வாக்கியத்தை அமைக்க அவரிடம் சிங்களம் இருக்கவில்லை. இப்போது அது எங்கே என்று கேட்டபோது, தெரியாது என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் கேட்டவரின் காதில் விழுந்தது, எடுத்ததை ஒப்புக்கொண்டுவிட்டு இடத்தைச் சொல்ல மறுக்கும் ஒருவனின் பதில்.

இடது கன்னத்தோடு சேர்த்துக் காதில் இரண்டு அறைகள் விழுந்தன. பின் இடது தொடையில் பொல்லால் அடித்தார்கள். மாமன் வெளியே சத்தத்தைக் கேட்டார். எழுந்து போய்க் கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. "நான் போயிருந்தா ரெண்டு பேர அடிச்சிருப்பாங்க தம்பி" என்று பின்னர் எங்களிடம் சொன்னபோது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

மாலை ஆறரை மணிக்குத் தேர்த்திருவிழாவிலிருந்து திரும்பிய கான்ஸ்டபிள் உள்ளே வந்து, நிலைமையைப் பார்த்து, "தம்பி, என்ன நடந்துச்சு, மெதுவா சொல்லு" என்று கேட்டார். பத்து நிமிடத்தில் கதை வெளிவந்தது. அவர் உரிமையாளரை அழைத்துப் பேசினார். உரிமையாளர் மகனிடம் கேட்டார். மகன் வெள்ளிக்கிழமையே மோட்டாரை நகரத்துக் கராஜில் திருத்தக் கொடுத்திருந்தது தெரிய வந்தது. தந்தையிடம் சொல்ல மறந்துவிட்டாராம்.

அதற்குள் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதி முடிந்திருந்தது. பக்க எண் அச்சிட்ட தகவல் புத்தகத்தில் எழுதப்பட்டதைக் கிழிக்க முடியாது. கான்ஸ்டபிள் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினார். மோட்டாரைத் திருடியதாக வரும் பகுதியைத் தான் சொல்லவில்லை என்றார் இளைஞர். எழுதப்பட்டதன் கீழே கான்ஸ்டபிள் ஒரு வரி சேர்த்தார்: வாக்குமூலம் மாலை 6.50க்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது, அதில் ஒரு பகுதியை அவர் மறுக்கிறார். தன் பெயரையும் இலக்கத்தையும் இட்டார். பின்பு நடந்தவை எல்லாம் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே நடந்தன.

இன்னொன்றையும் குறிக்க வேண்டும். ஏறக்குறைய ஐந்து மணிநேரம் அந்த இளைஞர் வெளியேற முடியாத நிலையில் உள்ளே இருந்தார். ஆனால் கைது என்று எந்தப் பதிவும் இல்லை. வாக்குமூலம் அளிக்கத் தானாக வந்து சென்றவர் என்றே பதிவு இருந்தது. கைது செய்யப்படும் ஒருவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரை. கைதே இல்லை என்று எழுதிவிட்டால் அந்தக் கடமை எழவே இல்லை என்று வாதிட இடமுண்டாகிறது. எங்கள் அனுபவத்தில், தோட்டப் பகுதிகளில் அடி விழுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

வைத்தியசாலை

ஞாயிற்றுக்கிழமை காலை காதில் இரைச்சலும் கசிவும் இருந்ததால் வைத்தியசாலைக்குச் சென்றார்கள். வழுக்கி விழுந்ததாகச் சொல்லும்படி மாமன் சொல்லியிருந்தார். வெளிநோயாளர் பிரிவின் வைத்தியர் அட்டையில் "விழுந்தார்" என்று எழுதாமல், "விழுந்ததாகக் கூறுகிறார்" என்று எழுதினார். அந்தச் சொல் தேர்வுக்கு அவருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். எங்களுக்குப் பின்னர் உதவியது அது.

திங்கள் மாலை தங்கைதான் அண்ணனை எங்களிடம் அழைத்து வந்தார். செவ்வாய்க்கிழமை மீண்டும் வைத்தியசாலைக்குப் போய் நடந்ததைச் சொல்ல வைத்தோம். சட்ட வைத்தியப் பரிசோதனைக்கான படிவம் வழக்கமாகப் பொலிஸ் வழியாகவே வரும். வைத்தியசாலைப் பொலிஸ் காவலரணில் அதைக் கேட்டு நின்ற இரண்டு மணிநேரத்தில் இளைஞர் மூன்று முறை "போயிடலாம்க்கா" என்று தங்கையைவிடச் சின்னவர்போல என் சக ஊழியரிடம் கெஞ்சினார். அடித்தவரும் படிவம் தருபவரும் ஒரே நிறச் சீருடையில் இருப்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நாங்கள் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை.

சட்ட வைத்திய அதிகாரியின் அவதானிப்பில் இரண்டு விடயங்கள் முக்கியமானவை. இடது செவிப்பறையில் கிழிவு இருந்தது. உள்ளங்கையால் காதில் அறையும்போது காதுக் குழாயில் காற்று அழுந்துவதால் இது நேரும். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். ஆறிவிட்டால் சான்றும் போய்விடும். மற்றது தொடையில் இருந்த காயம்: தண்டவாளம் போல இரண்டு சமாந்தரமான கன்றிய கோடுகள், நடுவில் வெளிறிய தோல். உருண்டையான தடி வேகமாகப் படும்போது அழுத்தம் பட்ட நடுப்பகுதியிலிருந்து இரத்தம் இருபுறமும் ஒதுங்கி ஓரங்களில் கசிவதால் இந்த வடிவம் வருகிறது. வழுக்கி விழுந்தால் வராது.

எடுத்த தீர்மானங்களும் காரணங்களும்

புதன்கிழமை தோட்டத் தலைவர் ஒரு கடித உறையுடன் வீட்டுக்கு வந்தார். உள்ளே இருபதாயிரம் ரூபாய் இருந்தது. யார் கொடுத்தது என்று அவர் சொல்லவில்லை. "ஸ்டேஷனோட நமக்கு நாளைக்கும் வேலை இருக்கு" என்றார். அவரை விலைபோனவர் என்று ஒதுக்குவது நியாயமாகாது. பிள்ளை காணாமல் போனாலும், சம்பள நாளில் லயத்தில் அடிதடி என்றாலும், பஸ் விபத்து என்றாலும் அந்த நிலையத்தின் படியேறுபவர் அவர்தான். பணத்தைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்தவர் தாய். நாங்கள் அதில் கருத்துச் சொல்லவில்லை.

எங்கே முறையிடுவது என்பது அடுத்த கேள்வி. சித்திரவதைக்கு எதிரான உரிமை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையில் இருக்கிறது. 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் மனுச் செய்யலாம். ஆனால் அது கொழும்பில், சட்டத்தரணி வேண்டும், ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாட்கூலியும் பயணச்செலவும் போகும். 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைத் தடுப்புச் சட்டம் ஏழு முதல் பத்து ஆண்டுவரை சிறை விதிக்கிறது என்றாலும், வழக்கைத் தொடுப்பது சட்டமா அதிபரின் கையில். எனவே முதலில் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் தமிழிலேயே முறைப்பாடு செய்வது என்று தீர்மானித்தோம். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்கான ஒரு மாதக் கணக்கில் சேராது. வெறும் முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்தது காட்டப்பட வேண்டும் என்று நீதிமன்றம் சில வழக்குகளில் கேட்டிருப்பதால், ஒவ்வொரு கடிதத்தையும் அழைப்பையும் திகதியோடு கோப்பில் வைத்தோம். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் ஒரு பிரதியை அனுப்பினோம். பொதுமக்களின் முறைப்பாட்டை ஏற்று விசாரிக்கும் கடமையை அரசியலமைப்பே அதற்கு விதித்திருக்கிறது.

மிகக் கடினமாக இருந்தது கான்ஸ்டபிள் பற்றிய தீர்மானம். அவரைச் சாட்சியாகக் குறிப்பிட்டால் முறைப்பாடு வலுப்பெறும். அவருடைய வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. அவரைப் பெயர் குறிப்பிடாமல், அன்றைய தகவல் புத்தகத்தின் குறித்த பக்கத்தை அழைப்பிக்கும்படி மட்டும் கேட்பது என்று முடிவெடுத்தோம். புத்தகத்தில் அவர் கையொப்பம் இருக்கிறது, பக்கம் வந்தால் அவரும் வருவார் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தே எடுத்த முடிவு அது. அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

விசாரணை

மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமிருந்து முதலாவது அழைப்பு ஏழு வாரங்களின் பின் வந்தது. சார்ஜன்டின் விளக்கம், விசாரணையின் நடுவே இளைஞர் ஓட முயன்று கதவில் மோதி விழுந்தார் என்பது. அப்படியானால் ஓட முயன்றது ஏன் புத்தகத்தில் இல்லை, தானாக வந்தவர் ஏன் ஓட வேண்டும் என்ற கேள்விகளுக்குப் பதில் வரவில்லை. இரண்டாவது அமர்வில் பக்கத்தின் பிரதி வந்தது. 6.50 என்ற நேரமும் மறுப்பு வரியும் தெளிவாக இருந்தன. கான்ஸ்டபிளும் அழைக்கப்பட்டார். தான் வந்தபோது இளைஞர் இடது காதைப் பொத்திக்கொண்டு தரையில் இருந்ததாகச் சொன்னார். அடித்ததைத் தான் பார்க்கவில்லை என்றும் சொன்னார். இரண்டுமே உண்மை. சக உத்தியோகத்தர் முன்னால் அந்த முதல் வாக்கியத்தைச் சொல்வதற்கு என்ன வேண்டும் என்பதை அந்த அறையில் இருந்தவர்கள் உணர்ந்தார்கள்.

விளைவு

மனித உரிமைகள் ஆணைக்குழுவால் தண்டிக்க முடியாது. பரிந்துரைக்கவும் இணக்கம் காணவும்தான் அதிகாரம் உண்டு. வைத்தியச் செலவும் இழந்த நாட்கூலியும் நட்டஈடாக ஒரு தொகையும் கொடுப்பது, நடந்தது தவறு என்று எழுத்தில் ஒப்புக்கொள்வது என்ற அடிப்படையில் இளைஞர் இணக்கத்துக்குச் சம்மதித்தார். நாங்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போக விரும்பினோம், அவர் விரும்பவில்லை. தொகையைவிட அந்தக் கடிதத்தைத்தான் அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். அது சிங்களத்தில் வந்தது; தமிழ்ப் பிரதி கேட்டு வாங்க இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

சார்ஜன்ட் வேறொரு நிலையத்துக்கு மாற்றப்பட்டார். ஒழுக்காற்று விசாரணை நடப்பதாகச் சொன்னார்கள். இதை எழுதும்வரை முடிவு எங்களுக்கு அறிவிக்கப்படவில்லை. நான்கு மாதங்களில் கான்ஸ்டபிளுக்கும் இடமாற்றம் வந்தது, சேவைத் தேவை என்று, வீட்டிலிருந்து ஒரு நாள் பயணத் தூரத்துக்கு. இரண்டு கடிதங்களும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருந்திருக்கும். அடித்தவருக்கும் எழுதியவருக்கும் கிடைத்தது ஒன்றே என்பதை நிலையத்தில் இருந்த மற்றவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நான் நம்பவில்லை.

மாற்ற வேண்டியவை

எங்கள் பக்கத்துக் குறைகளை முதலில் சொல்கிறேன். திங்கள் மாலையே காயங்களை அளவுகோலோடு படமெடுத்திருக்க வேண்டும். செவ்வாய் வரை காத்திருந்தோம். படிவத்துக்காகக் காவலரணில் நிற்கும்போது யார் பேசுவது, யார் பக்கத்தில் இருப்பது என்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். கான்ஸ்டபிளிடம் முன்கூட்டிப் பேசி, சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் அவருக்கு என்ன கேட்கலாம் என்று பார்த்திருக்க வேண்டும். 2015இல் வந்த அச்சட்டத்தின் இடத்தில் 2023இன் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்த நாங்கள், உள்ளிருந்து உண்மை எழுதியவரும் பாதுகாப்புத் தேவைப்படுபவர் என்பதைக் காலம் கடந்தே கண்டோம்.

நிலையத்தைப் பொறுத்தவரை, விசாரணைக்கு என்று அழைக்கப்படும் ஒவ்வொருவரின் வருகை நேரமும் வெளியேறும் நேரமும் கைது இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதிவாக வேண்டும். தமிழர் ஒருவரின் வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும். அது முடியாதபோது, வாசித்துக் காட்டியவரின் பெயரும் நேரமும் இல்லாத வாக்குமூலத்தை மேலதிகாரி ஏற்கக் கூடாது. தமிழும் அரசகரும மொழி என்பது 1987இன் 13ஆம் திருத்தத்திலிருந்தே இருக்கும் சட்டம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. தடுப்பு இடங்களைப் பார்வையிடும் அதிகாரமும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஏற்கெனவே உண்டு. பார்வையிட வருபவர்கள் கூண்டில் இருப்பவர்களை மட்டுமல்லாமல் வாங்கில் இருப்பவர்களையும் எண்ண வேண்டும்.

ஆட்சேர்ப்பு பற்றி அடிக்கடி சொல்லப்படுவது, தமிழ் இளைஞர்களை அதிகம் சேர்த்தால் இந்தப் பிரச்சினை தீரும் என்பது. இந்த நிகழ்வு அதைப் பாதிதான் ஆதரிக்கிறது. தமிழ் தெரிந்த ஒருவர் அறைக்குள் வந்ததும் அடி நின்றது, உண்மைதான். ஆனால் அவர் தனியாள். அவரே மொழிபெயர்ப்பாளர், அவரே தேர்த்திருவிழாக் காவலர், கடைசியில் அவரே சாட்சி. ஒரு நிலையத்தில் அவரைப் போல் ஐவர் இருந்திருந்தால் ஒருவரை இடம் மாற்றுவதன் பொருளே வேறாக இருந்திருக்கும். வட அயர்லாந்தில் பொலிஸ் சீர்திருத்தம் பற்றிய 1999இன் பற்றன் ஆணைக்குழு அறிக்கைக்குப் பின் ஆட்சேர்ப்பு, மேற்பார்வை இரண்டையும் சேர்த்தே செய்தார்கள். 2001 முதல் 2011 வரை புதிதாகச் சேர்ந்தோரில் பாதிப்பேர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்ற விதியால் படையில் அவர்களின் பங்கு எட்டு வீதமளவிலிருந்து முப்பது வீதமளவுக்கு உயர்ந்தது. அதே காலத்தில் பொலிசுக்கு வெளியே, தன் சொந்தப் புலனாய்வாளர்களைக் கொண்ட குறைகேள் அதிகாரி அலுவலகமும் 2000ஆம் ஆண்டிலிருந்து இயங்கியது. அந்நாட்டின் கதையை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஆனால் சேர்ப்பதையும் மேற்பார்வையையும் தனித்தனி மேசைகளில் வைத்துப் பேசும் நம் வழக்கத்துக்கு அது ஒரு பதில்.

இளைஞரின் தங்கை, சம்பவத்துக்கு முன்பே பெண் கான்ஸ்டபிள் பதவிக்கு விண்ணப்பிக்க எண்ணியிருந்தவர். ஆட்சேர்ப்பு அறிவித்தல் வர்த்தமானியில் வந்தபோது எங்களிடம் படிவத்துடன் வந்தார். தாய் வேண்டாம் என்றார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. தங்கை, மாற்றலாகிப் போன கான்ஸ்டபிளை அழைத்துக் கேட்டார். "போடு தங்கச்சி, ஆனா தனியா போடாத. பக்கத்து லயத்துல யாராவது இருந்தா சேத்துப் போடு" என்றாராம் அவர். இரண்டு விண்ணப்பங்கள் ஒரே நாளில் பதிவுத் தபாலில் போயின. பற்றுச்சீட்டுகள் எங்கள் கோப்பில் இருக்கின்றன; நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு இன்னும் வரவில்லை.